மிஸிஸ் டோபினுக்காகச் செய்த ஹவாய்

பிளாக்டவுன், சிட்னி
வைகாசி 1975

அன்பும் மதிப்பும் நிறைந்த மாமிக்கு,

மானிப்பாய் வீட்டில் உங்கள் சுவாமிப் படத்தடியில் எங்கள் பெயருக்கும் ஒரு பூ விழுந்துகொண்டிருக்கும் என்ற நம்பிக்கையில் நாங்கள் மூவரும் இங்கே சுகமாக இருக்கிறோம். மாமாவின் முழங்காலும் மச்சாளின் பரீட்சையும் சிவப்புப் பசுவின் காய்ச்சலும் நல்லபடி முடிந்திருக்க வேண்டுமென்று வேண்டுகிறேன். சென்ற கடிதத்தில், எங்களை வீட்டை விட்டு எழுப்பப் போகிறார்களாமே என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு அப்பா "பார்ப்போம்" என்று ஒரே சொல்லில் பதில் எழுதினாராம். நடந்ததற்கு ஒரு சொல் போதாது, மாமி. அதனால் கையெழுத்து ஓரளவு நன்றாக உள்ளவள் என்ற முறையில் நான் எழுதுகிறேன்.

நாங்கள் குடியிருப்பது மிஸிஸ் டோபின் என்பவருடைய வீட்டின் பின்பாதியில். முன்பாதியில் அவர் தனியே இருக்கிறார். நடுவில் ஒரு மெல்லிய சுவர்தான்; அவர் அங்கே தும்மினால் அம்மா இங்கே "நூறு" என்பா. இந்த வீடு கிடைப்பதற்குமுன் அப்பா பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். ரெலிபோனில் வீடு காலி, உடனே வாருங்கள் என்பார்கள். வாசலில் எங்கள் மூன்று முகங்களையும் கண்டதும், ஐயோ இப்போதுதான் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டோம் என்பார்கள். மிஸிஸ் டோபின் மட்டும் கதவைத் திறந்து எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தேயிலையை எவ்வளவு நேரம் ஊறவிடுவீர்கள் என்று கேட்டார். அம்மா சொன்ன பதில் அப்பாவுக்கே விளங்கவில்லை, ஆனால் வீடு கிடைத்துவிட்டது. அவர் அப்பாவை மிஸ்டர் நிட்டி என்று அழைப்பார், நித்தியானந்தன் என்று முழுவதும் சொல்ல மூச்சுப் போதாதாம். சந்திரவதனாவாகிய நான் அவருக்கு வான்டா. இப்படிப்பட்டவர் தை மாதத்தில் ஒருநாள், இந்த வீட்டை விற்றுவிட்டு ஹவாய்த் தீவில் போய் இருக்கப் போகிறேன், ஈஸ்டர் முடிய வீடு விற்கும் தரகர் வருவார் என்று சொன்னபோது, அம்மா குசினிக் கதிரையில் இருந்தவ இருந்தபடியே இருந்தா. அடுப்பில் பருப்பு அடிப்பிடித்த மணம் மிஸிஸ் டோபினுக்குத்தான் முதலில் எட்டியது. பழைய வாசல்களுக்கெல்லாம் மறுபடி போய் நிற்க வேண்டுமே என்பது அம்மாவின் யோசனை. எனக்கோ, என் சன்னலையும் அதில் தெரியும் நீலமலைத் தொடரையும் யாரோ முன்பின் தெரியாதவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்களே என்ற யோசனை.

ஏன் ஹவாய் என்று நான்தான் கேட்டேன். பின்வளவில் உடுப்புக் காயப்போட ஒரு பெரிய இரும்புக் குடை இருக்கிறது, காற்றடித்தால் தானாகச் சுழலும். மிஸிஸ் டோபினின் பூப்போட்ட நீளச் சட்டைகள் அதில் காற்றை நிரப்பிக்கொண்டு தீவுகள்போல மிதந்து வரும், போகும். அதன் நடுவில் நின்றுகொண்டு, வாயில் உடுப்புக் கவ்வியை வைத்தபடி, அவர் கதை சொன்னார். அவருடைய கணவர் லென் இருந்த காலத்தில் ஒரு தொழிலாளர் சங்க மண்டபத்தில் ஹவாய் விருந்து என்று வைத்தார்களாம். கடதாசிப் பூமாலை, சுவரில் நீலச்சீலைக் கடல். கடைசியில் ஒரு இனிப்பு வந்ததாம். வெள்ளையாக, இலையில் சுற்றி, இளஞ்சூடாக. அதை வாயில் வைத்ததும் லென் கண்ணை மூடிக்கொண்டு, டோரீன், நாங்கள் ஒருநாள் அங்கே போய் இதைத் தின்போம் என்றாராம். பிறகு அவர் இறந்துவிட்டார். அந்த இனிப்பைச் செய்தவர் யாரென்றும் தெரியவில்லை, இந்த நாட்டில் எந்தக் கடையிலும் அது கிடைக்கவில்லை. வெயில் மெதுவாக நடக்கும், யாரும் அவசரப்படாத ஓரிடத்தில் இருந்து அதை இன்னொருமுறை சாப்பிட வேண்டும், அவ்வளவுதான் வான்டா, என்றார். எனக்கு அன்று முழுவதும் பாடம் ஏறவில்லை. இனிப்புக்காகத்தான் ஒருவர் ஊரை விட்டுப் போகிறார் என்றால், இனிப்பு இங்கேயே வந்துவிட்டால் அவர் ஏன் போகவேண்டும்? இதைக் கேட்டு அம்மா தலையில் கைவைத்தா. அப்பா மட்டும், தர்க்கம் சரியாகத்தான் இருக்கிறது என்றார்.

நூலகத்தில் பசிபிக் தீவுகளின் உணவுபற்றி ஒரு தடித்த புத்தகம் எடுத்துவந்து, தேநீர் நேரத்தில் இருவருக்கும் தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்தேன். முதல் பக்கத்திலேயே சிக்கல். ஹவாய்க்காரர்கள் ஒரு கிழங்கை அவித்து இடித்துக் களியாக்கி, சிலவேளை சீனியும் பாலும் விட்டு உண்பார்கள், அதன் பெயர் பொய்.

"என்னது?" என்றா அம்மா.

"பொய், அம்மா. தினமும் பொய்தான் சாப்பிடுவினமாம். குழந்தைப் பிள்ளையளுக்கு முதன்முதல் ஊட்டுறதும் பொய்தானாம்."

"இஞ்ச வீடு வாடகைக்கு விடுறவையும் அதைத்தான் சாப்பிட்டு வளர்ந்திருக்கினம் போல," என்றார் அப்பா, பத்திரிகையிலிருந்து தலையை எடுக்காமல்.

அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. சட்டியில் என்ன என்று யாராவது கேட்டால் பொய் என்று சொல்லும் நிலைமைக்குத் தான் இன்னும் வரவில்லை என்றும், வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற வீட்டில் அது அடுப்பில் ஏறாது என்றும் சொல்லிவிட்டா. நல்லவேளையாக அந்தக் கிழங்கும் பிளாக்டவுனில் கிடைக்கவில்லை.

ஆகவே முதலில் அன்னாசி ஜெலி. இந்த நாட்டுச் சஞ்சிகைகளில் எந்தப் பண்டத்தின் மேலும் ஒரு வட்டம் அன்னாசி வைத்துவிட்டால் அது ஹவாய் ஆகிவிடுகிறது, மாமி. இறைச்சியைக்கூட விடுகிறார்கள் இல்லை. சஞ்சிகை சொன்னது தகரத்தில் அடைத்த அன்னாசி. அம்மா அதைக் கையால் தொடவும் மறுத்தா. வருகிற மனுசிக்குத் தகரத்துக்குள் கிடந்ததைக் கொடுப்பதா என்று, அப்பாவைச் சந்தைக்கு அனுப்பி முழு அன்னாசி வாங்குவித்து, தோல் சீவி, கண் எடுத்து, பச்சையாகவே வெட்டிப் போட்டா. ஜெலி உறையவில்லை. குளிர்ப்பெட்டியில் மறுநாள்வரை வைத்தும் உறையவில்லை. கதவைத் திறக்கும்போதெல்லாம் மஞ்சள் அலை அடித்தது. பச்சை அன்னாசியில் உள்ள ஏதோ ஒன்று ஜெலியை உறையவிடாமல் தின்றுவிடும் என்று பிறகு விஞ்ஞான ஆசிரியை சொன்னார்; ஆனால் அதற்குமுன் நாங்கள் மிஸிஸ் டோபினைக் கூப்பிட்டுவிட்டோம். அவர் கரண்டியை வைத்துவிட்டு இரண்டு கையாலும் கிண்ணத்தைத் தூக்கி அதைக் குடித்து முடித்தார். கடலை நன்றாகக் கொண்டுவந்திருக்கிறீர்கள், இனித் தீவு ஒன்றுதான் வேண்டும் என்றார். அந்தக் கிழமையே தரகர் வந்து, முன்புல்லில் விற்பனைப் பலகையை நட்டுவிட்டுப் போனார்.

அடுத்தது ஹௌப்பியா. அதுதான் அந்த வெள்ளை இனிப்பாக இருக்கவேண்டும் என்று புத்தகத்தின் படத்தைப் பார்த்து முடிவு செய்தேன். தேங்காய்ப்பாலில் கூவைக்கிழங்கு மாவைக் கரைத்துக் காய்ச்சி ஆறவிட்டுத் துண்டு போடுவது. தேங்காய்க்கு எங்கே போவது? இங்கே கிடைப்பது கேக்கின் மேல் தூவுகிற காய்ந்த துருவல், பார்த்தால் மரத்தூள். அம்மா அதைக் கொதிநீரில் ஊறப்போட்டு, அப்பாவின் பழைய வேட்டித்துண்டில் கட்டி, ஒரு முனையை அவரிடமும் மறுமுனையை என்னிடமும் கொடுத்து முறுக்கச் சொன்னா. நாங்கள் இருவரும் குசினியின் இரண்டு மூலைகளில் நின்று முறுக்கினோம். கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை; பிறகு திடீரென்று பால் வந்தது, மாமி. வெளியே ரயில் போய்க்கொண்டிருந்தது. அந்த மணம் எழும்பியதும் எங்கள் கைகள் முறுக்குவதை நிறுத்திவிட்டன. சுவருக்கு அந்தப் பக்கத்தில் மிஸிஸ் டோபினின் வானொலியும் நின்றுவிட்டது. அந்த ஒரு நிமிடம் வீடு எங்கேயோ மிதந்துகொண்டு போவதுபோலவும், சன்னலைத் திறந்தால் நீலமலைக்குப் பதிலாகத் தண்ணீர் தெரியும்போலவும் இருந்தது. பிறகு நான் மாவை அளந்தேன். புத்தகம் எழுதியவர் சொன்ன மேசைக்கரண்டியும் எங்கள் வீட்டுக் கரண்டியும் ஒன்றென்று நினைத்துவிட்டேன், எங்களுடையது சோறு போடுகிற அகப்பை என்பதை அம்மாகூடக் கவனிக்கவில்லை. ஹௌப்பியா உறைந்தது. இனி எந்த நாளும் இளகாதபடி உறைந்தது. தண்ணீர் வாரியத்தில் வரைபடம் கீறுகிறவர் என்பதால் அப்பா தன் மூலைமட்டத்தை வைத்து அதைச் சரியான சதுரங்களாக வெட்டினார். ஒரு துண்டை வரைபலகையில் தேய்த்துப் பார்த்தார், பென்சில் கோடு நன்றாக அழிந்தது. மிஸிஸ் டோபின் தன் துண்டை விரலால் தட்டி, இது நிச்சயமாகத் தீவுதான் என்றார்.

அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமை, வீடு பார்க்க ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். முன்பாதியைப் பார்த்து முடித்து எங்கள் பக்கமும் வந்தார்கள். என் அறையின் சன்னலை அந்தப் பெண் ஒரு அளவுநாடாவால் அளந்தார். இதற்கு மஞ்சள் திரைச்சீலைதான் பொருத்தம் என்று கணவனிடம் சொன்னார். நான் கட்டிலில் புத்தகத்துடன் இருந்தேன். கட்டிலோடு சேர்த்து என்னையும் அப்புறப்படுத்திவிட்டுத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்று தோன்றியது. அம்மா கதவடியில் நின்றா. அவர்கள் போனதும் குசினிக்குள் வந்து, மேசையில் விரித்துக் கிடந்த ஹவாய்ப் புத்தகத்தை மூடி, அதன் மேல் உப்புப் போத்தலை வைத்தா.

"புத்தகம் எழுதினவ வந்தோ எங்களுக்கு வீடு பாக்கப் போறா?" என்றா. "தள்ளு பிள்ளை. எனக்குத் தெரிஞ்சதை நான் செய்யிறன்."

"அதில ஏலக்காய் போடச் சொல்லேல்லை அம்மா."

"சொல்லாட்டி? ஏலக்காய் போடாததை இனிப்பெண்டு ஆரும் சொல்லுவினமே?"

மிச்சமிருந்த துருவலில் பால் பிழிந்து, பாக்கெட் அரிசிமாவை வறுத்து அதில் குழைத்து, ஏலக்காயும் ஒரு கிள்ளு உப்பும் சீனியும் போட்டா. வாழையிலை இல்லையென்று நான் சொல்ல வாயெடுக்கும்போதே பின்வளவுக்குப் போய், மிஸிஸ் டோபின் சென்ற வருடம் தோட்டப் போட்டியில் பரிசு வாங்கிய கல்வாழையில் நல்ல இலையாகப் பார்த்து நறுக்கிக்கொண்டு வந்துவிட்டா. விற்கிற வீட்டில் இலை கணக்கில்லையாம். மாவை இலையில் தடவி மடித்து, புட்டுப் பானையில் அடுக்கி, மூடி, மூடியின் மேல் அம்மிக்குழவிக்குப் பதிலாக என் அகராதியை வைத்தா. ஆவி அகராதியின் ஓரமாகக் கசிந்து சுவரேறிப் போயிற்று. வெளியே பின்னேர வெயில், சுழலும் உடுப்புகள், எங்கேயோ புல் வெட்டும் இயந்திரச் சத்தம் நின்று நின்று வந்தது. யாரும் கூப்பிடவில்லை. மிஸிஸ் டோபின் வெறுங்காலோடு, நீளச் சட்டையோடு, பின்படியில் வந்து இருந்தார். நித்திரையில் நடப்பவர்போல இருந்தார். அம்மா சூடாக ஒன்றை அவருடைய கையில் வைத்தா. அவர் இலையைப் பிரித்தார். ஒரு கடி கடித்தார். கண்ணை மூடினார். நாங்கள் மூவரும் குசினி வாசலில் ஒருவர் பின்னால் ஒருவராக நின்றோம். அவர் விழுங்கிய பிறகும் கண்ணைத் திறக்கவில்லை. இதுதான், என்றார். லென், இதுதான். இது ஹவாய், என்றார்.

அந்த இடத்தில் நாங்கள் சும்மா இருந்திருக்கலாம், மாமி. அப்பா வாயைத் திறக்காதே என்று என் தோளை அமத்தினார். ஆனால் வாயைத் திறந்தது நானில்லை, அம்மா. இந்த இரண்டு வருடத்தில் மிஸிஸ் டோபினிடம் குட் மோர்ணிங்குக்கு மேல் போகாத அம்மா, தான் வறுத்துப் பிழிந்து அவித்ததன் புகழ் முன்பின் காணாத ஒரு நாட்டுக்குப் போவதைப் பொறுக்க முடியாமல், நெஞ்சில் கைவைத்துக்கொண்டு இங்கிலீசில் பேசினா.

"நோ ஹவாய், மிஸிஸ் டோபின்," என்றா. "மானிப்பாய்."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு மஞ்சள் திரைச்சீலை தெரிந்தது. மிஸிஸ் டோபின் கண்ணைத் திறந்து அம்மாவை மிகுந்த மரியாதையோடு பார்த்தார். மானிப்பாய், என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். அது அங்கேயுள்ள சின்னத் தீவுகளில் ஒன்றா, என்று கேட்டார்.

அப்பா பொய் சொல்லமாட்டார் என்பது உங்களுக்குத் தெரியும். அன்றும் சொல்லவில்லை. சின்ன இடம்தான் என்றார். தீவில்தான் இருக்கிறது என்றார். தென்னை உண்டா? உண்டு. காற்று? சோளகம் தொடங்கினால் காற்றைத் தவிர வேறொன்றுமில்லை. அங்கே யாராவது அவசரப்படுவார்களா என்று கேட்டதற்குக் கொஞ்சம் யோசித்து, பாண் வாங்கக் கியூவில் நிற்பவர்கள்கூட அவசரப்படுவதில்லை என்று என் அக்கா (அதாவது நீங்கள்) எழுதியிருக்கிறா என்றார். நான்தான் பொறுக்கமாட்டாமல், மிஸிஸ் டோபின், மானிப்பாய் இலங்கையில் இருக்கிறது, ஹவாயில் இல்லை, என்று தெளிவாகச் சொன்னேன். அவர் என் கன்னத்தைத் தட்டி, ஆமாம் கண்ணே, ஒவ்வொரு தீவுக்கும் ஒவ்வொரு பெயர் இருக்கத்தானே செய்யும், என்று சொல்லி இரண்டாவதைப் பிரித்தார்.

மறுநாள் காலையில் ஒரு சத்தம் கேட்டு நான் வீட்டின் பக்கத்தால் போய் முன்புறம் எட்டிப் பார்த்தேன். மிஸிஸ் டோபின் விற்பனைப் பலகையை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார், பல் ஆட்டுவதுபோல. அப்பா பைஜாமாவோடு ஓடிப்போய் மறுபக்கம் பிடித்தார். அது வந்துவிட்டது. வீட்டை விற்கப் போவதில்லை என்று அவர் தரகரிடம் ரெலிபோனில் சொன்னதைச் சுவருக்கு இந்தப் பக்கத்தில் மூவரும் மூச்சுவிடாமல் கேட்டோம். இனி அவர் ஹொனலூலுவுக்கும் போகமாட்டார், எங்கும் போகமாட்டார். ஹவாயே அவருடைய பின்படிக்கு வந்துவிட்டது. கல்வாழை இலையைப் பற்றியும் அவர் ஒன்றும் கேட்கவில்லை. பலகை நின்ற இடத்தில் புல்லில் ஒரு குழி இருக்கிறது, அதில் அம்மா கறிவேப்பிலை வைக்கலாமா என்று பார்க்கிறா. நீங்கள் இனி எங்களைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமேயில்லை, மாமி. நான் படித்து ஆளாகும்வரை இந்தச் சன்னல் என்னுடையது.

மாமாவின் பாதங்களுக்கு இங்கிருந்தே ஒரு வணக்கம். மழைக்குமுன் முழங்காலுக்கு எண்ணெய் வைக்கச் சொல்லுங்கள். மச்சாளுக்கு என் முத்தம். சிவப்புப் பசுவின் நெற்றியை ஒருமுறை சொறிந்துவிடுங்கள். உங்கள் ஆசீர்வாதம் எந்தத் தபாலுக்கும் முந்தி வந்து சேரும் என்று தெரிந்த,

உங்கள் அன்பு மருமகள்
நி. சந்திரவதனா

பின்குறிப்பு: உறையை ஒட்டவிருந்த நேரத்தில் மிஸிஸ் டோபின் கையில் ஒரு விமானச் சீட்டோடு வந்தார். ஆகவே "எங்கும் போகமாட்டார்" என்று மேலே நான் எழுதியதைத் தயவுசெய்து வெட்டிவிடுங்கள். அவர் மானிப்பாய்க்கு வருகிறார். பிரயாண முகவர் ஹவாய்ப் படம் முழுக்கத் தேடியும் அந்தத் தீவைக் காணவில்லையாம், அவனைத் தொழில் தெரியாதவன் என்று ஏசிவிட்டு, இவர் அப்பாவிடம் வழி கேட்டுப்போய் கொழும்புக்குச் சீட்டு எடுத்துவிட்டார். நான் தேசப்படத்தை விரித்து இரண்டையும் காட்டினேன். அவர் நடுவிலிருந்த நீலத்தின் மேல் கையை விரித்து வைத்து, எல்லாம் ஒரே தண்ணீர்தானே வான்டா, என்றார். ஆனி கடைசியில் யாழ்தேவியில் வந்து இறங்குவார். உங்கள் விலாசம் என்னிடம்தான் வாங்கினார், கேட்டால் கொடுக்காமல் இருக்க முடியுமா? மாமா ஸ்டேஷனுக்கு ஒரு பூமாலை கொண்டுபோனால் போதும், ஹவாயிலும் வருகிறவர்களுக்கு அப்படித்தான் போடுவார்களாம். உங்களுக்கு அங்கே சீனி கூப்பனுக்குத்தான் என்பதால், அம்மா அவருடைய பெட்டியில் உடுப்பை எடுத்துவிட்டுச் சீனியை அடுக்கிக்கொண்டிருக்கிறா. வீட்டைப் பூட்டித் திறப்பை எங்களிடம் தந்துவிட்டு வருகிறார். ஒரு மாதத்தில் திரும்பி வருவாராம், அங்கே இதைவிட நன்றாக இருந்தால் மட்டும் வீட்டை விற்றுவிட்டு அங்கேயே இருந்துவிடுவாராம். அம்மாவின் கைப்பக்குவம் முழுவதும் உங்களிடம் பழகியது என்பதும், உங்களுடையது இதைவிட எத்தனையோ மடங்கு திறம் என்பதும் எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆகவே, மாமி, உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்: அவர் அங்கே இருக்கிற ஒரு மாதமும் தயவுசெய்து கொஞ்சம் மோசமாகச் சமையுங்கள்.